மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு செவர்லே

ஜெயங்கொண்டத்து அரிசி ஆலை முதலாளி வீட்டுச் செவர்லே கார் தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கொதித்தது. அறுபத்தாறாம் ஆண்டு வைகாசியில், முதலாளியின் மூத்த மகன் மாலையும் கழுத்துமாகப் பின்னிருக்கையில் வீற்றிருந்த மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தின் நட்டநடுவில் அது கொதித்தது. அன்று காரை ஓட்டியவர் கண்ணையன்.

நெடுஞ்சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பெட்ரோல் வண்டி அது. நாதஸ்வரக்காரர் நின்றால் நின்று, நடந்தால் நகர்ந்து, ஒரு தெருவைக் கடக்க ஒரு யுகம் எடுத்துக்கொள்ளும் ஊர்வலம் அதற்குப் பழக்கமில்லை. கோயில் முனை திரும்பியதும் ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பிற்று. கூட்டம் சிதறியது. ஆளுக்கு ஒன்றாகக் கத்தினார்கள். கண்ணையனும் பதறிப் போய், யாரோ நீட்டிய குடத்தை வாங்கி, கிணற்றுத் தண்ணீரை அப்படியே உள்ளே கவிழ்த்தார். காய்ந்த சட்டி விரிவது போல ஒரு சத்தம் கேட்டது. என்ஜின் பிளாக்கில் நீளமாக ஒரு வெடிப்பு. மாப்பிள்ளை இறங்கி நடந்தே பெண் வீடு போய்ச் சேர்ந்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரி ஊத்துறியேடா, மடப்பயலே!" என்று முதலாளி அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை; வேலையை விட்டும் அனுப்பவில்லை. அடுத்த மாதமே ஒரு அம்பாசடர் வந்தது. கண்ணையன் அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் கீறல் விழாமல் ஓட்டினார். செவர்லேயை உமிக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்திவிட்டார்கள்.

கார் கொதித்தபோது கண்ணையனுக்கு முப்பது வயதுதான். ஆனால் வீட்டில் விளக்கேற்ற ஆள் கிடையாது. மனைவி லீலாவதி, பெண் குழந்தை புஷ்பவல்லி நடை பழகும் முன்பே குடற்காய்ச்சலில் இறந்துபோனாள். முதலாளி எந்நேரம் கூப்பிட்டாலும் புறப்பட வேண்டிய டிரைவர் கையில் பால்குடி மறக்காத பிள்ளையை எப்படி விடுவது? பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடியில் பயிர் செய்துகொண்டிருந்த லீலாவதியின் தம்பி குழந்தைவேல் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் மனைவி ராசாத்தி கல்யாணமாகி வந்து ஓர் ஆண்டுகூட ஆகாதவள். தன் வயிற்றில் பிறந்தது போலவே வளர்த்தாள். புஷ்பவல்லி மாமனை அப்பா என்றும் அத்தையை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் திருத்தவும் இல்லை.

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கண்ணையன் பஸ் ஏறி ரஞ்சன்குடி போவார். பிஸ்கட் பொட்டலமும் அளவு தப்பிய பாவாடைத் துணியும் கொண்டு போவார். பிள்ளை வாங்கிக்கொண்டு ராசாத்தியின் பின்னால் நின்று பார்க்கும். "என்ன படிக்கிறே?" என்பார். பதில் வரும். அடுத்து என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியாது. கடைசி பஸ்சுக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவார். மறுமணப் பேச்சு எடுத்தவர்களிடம் "பாப்போம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் கேட்பவர்கள் ஓய்ந்துபோனார்கள்.

எழுபத்தெட்டில் முதலாளி காலமானார். பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது உமிக் கொட்டகையை இடிக்க வேண்டி வந்தது. அன்று ஊர்வலத்தில் இறங்கி நடந்த அதே மூத்த மகன், "எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போ கண்ணையா. இல்லாட்டி பழைய இரும்புக்காரனுக்குத்தான்" என்றார். கண்ணையன் ஒரு டிராக்டரின் பின்னால் காரைக் கட்டி, தாமே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து, அரியலூரில் செந்துறைச் சாலையை ஒட்டிய தம் பூர்வீக வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மேலே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டப் போனார். விடியலில் போய், காது நிறைய டீசல் இரைச்சலோடும் முடி நிறையச் சுண்ணாம்புத் தூளோடும் சாயங்காலம் திரும்புவார். சோறு வடிக்கும் நேரம் போக மீதி நேரம் காரோடுதான். அது ஓடும் என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை. தகரத்தின் துருவைச் சுரண்டினார்; உமியைப் பல்சக்கர இடுக்குகளிலிருந்து ஊசியால் நோண்டி எடுத்தார்; அவ்வளவே.

எண்பத்திரண்டு ஐப்பசியில் குழந்தைவேல் நேரில் வந்தார். புஷ்பவல்லிக்கு உடையார்பாளையத்தில் இடம் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். தை மாதம் ரஞ்சன்குடியில் பெண் வீட்டிலேயே கல்யாணம்.

"நீங்க ஒரு வார்த்த சரின்னு சொல்லணும் மச்சான்" என்றார் குழந்தைவேல்.

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

"அப்புறம் ஒன்னு." குழந்தைவேல் துண்டை எடுத்து மடித்தார், மடித்ததைப் பிரித்தார். "தார வார்க்கிறதுக்கு ஜோடியா நிக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க. அக்கா இல்லாததால நானும் ராசாத்தியும் நிக்கலாம்னு…"

"வளத்தவங்கதானே நிக்கணும். நில்லுங்க."

"பத்திரிகையில உங்க பேருதான் மொத பேரு."

"அது கெடக்கட்டும் குழந்தவேலு. நான் அன்னிக்கி என்ன செய்யணும்?"

குழந்தைவேல் ஒவ்வொரு வேலையாக நினைத்துப் பார்த்தார். சமையலுக்கு ஆள் இருந்தது. பந்தலுக்கு ஆள் இருந்தது. சம்பந்தி வீட்டாரைக் கவனிக்க ராசாத்தியின் அண்ணன்மார் இருந்தார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு மட்டும் எந்த வேலையும் மிச்சம் இல்லை. "நீங்க வந்து ஒக்காருங்க மச்சான், அது போதும்" என்றார் கடைசியில்.

கண்ணையன் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மாப்புள்ள அழைப்புக்கு காரு நான் கொண்டாரேன்."

"எந்தக் காரு?" என்று கேட்டுவிட்டு, கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த குழந்தைவேல் சிரித்துவிட்டார். "இதுவா? இதுல கோழிதான் மச்சான் ஊர்வலம் போவும்!" சிரித்து முடித்த பிறகுதான் எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டார். "சரி மச்சான். காரு உங்க பொறுப்பு. வேற காரு பேசல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கண்ணையனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்யாணத்தில் தமக்கென்று கிடைத்த ஒரே இடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால். அந்த இடத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஒரு மாப்பிள்ளையை நடுத்தெருவில் இறக்கிவிடக் கூடாது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாவாடை என்பவரை அழைத்து வந்தார். பாவாடையின் தகப்பனார் காலமெல்லாம் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர். பாவாடை திருச்சியில் வெல்டிங் கற்றுத் திரும்பி, அரியலூரில் டிராக்டர் டிரைலர் கட்டுவதில் பெயரெடுத்திருந்தார். அவர் காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. என்ஜினுதான் பொணம். பெட்ரோல் என்ஜினே ஒன்னு பாப்போம்ணே. துறையூர்ல பழைய வேன் ஒன்ன ஒடச்சிக்கிட்டிருக்கான்."

"பெட்ரோல் வேணாம் பாவாட. மெதுவாப் போனா கொதிக்கும்."

"எல்லா பெட்ரோல் காருமா கொதிக்குது? நாட்டுல ஒரு மாப்புள்ளயும் பொண்ணு வூட்டுக்குப் போய்ச் சேந்ததே இல்லியா?"

"எவன் வேணாப் போவட்டும். என் காருல கொதிக்கக் கூடாது. டீசல் நாளெல்லாம் நின்ன எடத்துல ஓடுனாலும் சூடாவாது. சுரங்கத்துல பாக்குறேன்ல?"

பாவாடை அதற்கு மேல் வாதாடவில்லை. கவிழ்ந்து நசுங்கிய ஒரு சிறு லாரியின் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின், பெரம்பலூர்ப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் அது வீடு வந்து சேர்ந்தது.

மூன்று சவுக்கு மரங்களின் தலையைக் கூட்டிக் கட்டி, அதில் செயின் பிளாக் மாட்டி, வெடித்த என்ஜினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். புதியதை இறக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. அது நீளத்தில் குட்டை, கனத்தில் அதிகம். பழைய கியர் பாக்ஸோடு அது சேர வேண்டுமானால் இடையில் ஒரு தகடு வேண்டும். அந்தத் தகட்டில் இந்தப் பக்கத்துத் துளைகளும் அந்தப் பக்கத்துத் துளைகளும் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். என்ஜின் முகப்பில் கிரீஸ் தடவி, அதன் மேல் அட்டையை அழுத்தி, துளைகளின் அச்சை எடுத்தார் பாவாடை. முதல் தகடு சேரவில்லை. இரண்டாவது, சேர்ந்தது போலத் தோன்றி, கிளட்சைப் பிடித்தால் உதறிற்று. மூன்றாவதை லேத்தில் கடைந்து பொருத்தினார்கள். கனம் தாங்காமல் அமுங்கிய முன்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றினார்கள். பழைய ஆறு வோல்ட் பேட்டரியால் டீசல் என்ஜினைச் சுழற்ற முடியாது. பன்னிரண்டு வோல்ட் வைத்ததும் எல்லா பல்புகளையும் ஹாரனையும் மாற்ற வேண்டியதாயிற்று. திருச்சிக்கு அலைந்து ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றத்தைப் பதிவு செய்துகொண்டார்.

பாவாடை வராத நாட்களில் கண்ணையன் தனியாகவே வேலை செய்தார். ஒரு கையால் திருகைப் பிடித்து மறு கையால் முடுக்க எட்டாத இடங்களில், ஒரு குச்சியைக் கொடுத்துத் திருகை நிறுத்திக்கொள்வார். அடுத்த வீட்டில் கூப்பிட்டால் யாராவது வந்து பிடித்திருப்பார்கள். கூப்பிடும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

மார்கழிக் கடைசியில் என்ஜின் உயிர் பெற்றது. முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாகப் புகைவிட்டு, பிறகு ஒரே சீராக ஓடியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அருமையா ஓடுதுண்ணே!" என்று பாவாடை கத்தினார்.

"தாளம் தப்பாம ஓடுது!" என்று கண்ணையனும் கத்தினார்.

ஒருவர் வெல்டிங் ஜெனரேட்டர் பக்கத்திலும், மற்றவர் கல் லாரியிலும் காலம் தள்ளியவர்கள். தாங்கள் கத்திப் பேசிக்கொள்கிறோம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

கரும்பச்சை நிறம் பூசியாயிற்று. மடக்குக் கூரைக்குப் புதுக் கித்தான் தைத்தாயிற்று. பின்னிருக்கைக்குச் சிவப்பு ரெக்சின். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணையன் சோதனை ஓட்டம் போனார். செந்துறைச் சாலையில், உச்சி வெயிலில், முதல் கியரில் மனிதன் நடக்கும் வேகத்துக்குக் காரை விட்டார். முன்னால் மேளக்காரர்கள் நடப்பதாக நினைத்துக்கொண்டு நின்றார், நகர்ந்தார், மறுபடி நின்றார். ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது, கை பொறுக்கும் சூடுதான். வெற்றுச் சாலையில் காலியான பின்னிருக்கையோடு அப்படி நெடுநேரம் ஊர்ந்துவிட்டு, மனம் நிறைந்து வீடு திரும்பினார். இனி எந்தத் தெருவிலும் அது கொதிக்காது.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல் ரஞ்சன்குடிக்குள் செவர்லே நுழைந்தபோது, ஊரின் பழைய கோட்டைச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். ராசாத்தி ஓடி வந்து, "அண்ணே, இதுவா அந்தக் காரு! கண்ணு பட்டுடும்" என்று திருஷ்டி கழித்தாள். குழந்தைவேல் கதவைத் திறந்து திறந்து மூடினார். புஷ்பவல்லி மணப்பெண் அல்லவா, வெளியே வரவில்லை. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் மஞ்சள் பூசிய முகம் தெரிந்தது. கண்ணையன் அந்தப் பக்கம் பார்க்காதவர் போலப் பூக்காரருக்குச் சரம் கட்டும் இடங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலையிட்டு, காரில் ஏற்றி, பொழுது சாய்ந்ததும் ஊர்வலம் கிளம்பியது. இருபுறமும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். காருக்கு முன்னால், பெயர்பெற்ற நாதஸ்வரக்காரரான பூமாலை வாத்தியத்தை உதட்டில் வைத்தார். கண்ணையன் சாவியைத் திருகினார்.

முதல் தவில் அடி காதில் விழுந்தது. டீசல் இரைச்சலில் அதற்குப் பின் ஒன்றும் விழவில்லை. பூமாலையின் கன்னங்கள் உப்பின; விரல்கள் ஓடின; நாதம் மட்டும் வரவில்லை. கம்பத்தில் கட்டிய மணி குலுங்குவது போலக் கார் முழுவதும் நடுங்கிற்று. கூரை மடிப்பில் கட்டியிருந்த மல்லிகைச் சரங்களிலிருந்து பூக்கள் பொலபொலவென்று மாப்பிள்ளையின் மடியில் உதிர்ந்தன.

"டேய், மாப்புள்ள வராரா, மாவு மில்லு வருதா?" என்று மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ஒன்று குரல் கொடுத்தது.

"கல்லு ஒடைக்கிற எடத்துலேருந்து அப்படியே புடிச்சாந்துட்டாங்கடா!"

"பொண்ணுக்குக் காது கேக்குமான்னு விசாரிச்சீங்களா பங்காளி?"

சிரிப்பு பரவியது. இரண்டு வீடு தாண்டுவதற்குள் பூமாலை வாத்தியத்தை இறக்கிவிட்டு, காரின் முகப்புக்கு வந்து நின்றார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. சுதியே என் காதுல விழல. தவுல்காரன் ஒரு பக்கம் போறான், நான் ஒரு பக்கம் போறேன். இது ஓடுற எடத்துல என்னால ஊத முடியாதுங்க."

மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் வந்தார். "மேளம் இல்லாம எங்க புள்ள பொண்ணு வூட்டு வாசல் மிதிக்கமாட்டான். மொறன்னு ஒன்னு இருக்குல்ல?"

குழந்தைவேல் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து கார் ஜன்னலில் குனிந்தார். "மச்சான், சத்தத்தக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?"

"இதுக்கு மேல கொறச்சா நின்னுடும் குழந்தவேலு."

"என்ன சொல்றீங்க? கேக்கல!"

"நின்னுடும்னு சொல்றேன்!"

"அப்ப நிறுத்துங்க மச்சான்! நிறுத்துங்க!"

கண்ணையன் தலையைத் தாழ்த்தி முகப்புப் பலகையின் அடியிலிருந்த கம்பியை இழுத்தார். என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிற்று. ரேடியேட்டர் குளிர்ச்சியாக இருந்தது. துளிகூட ஆவி இல்லை. மாப்பிள்ளையை இறங்கச் சொல்வார்கள் என்று காத்திருந்தார். கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டது.

ஆனால் யாரும் இறங்கச் சொல்லவில்லை. "என்னப்பா வேடிக்க? தள்ளுங்க!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சற்று முன் கேலி செய்த இளவட்டங்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் கை வைத்தார்கள். கனத்த கார் மெல்ல அசைந்து, பிறகு தண்ணீரில் மிதப்பது போல நகர்ந்தது. பூமாலை நிம்மதியாக ஒரு ராகத்தை இழுத்தார். தெரு முழுவதும் அது நிறைந்தது.

கண்ணையன் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். காலுக்கு வேலை இல்லை. அவருக்குப் பின்னால் ஊரே இருந்தது. சிரிப்பும் பேச்சும் மூச்சிரைப்பும் கேட்டன. எதுவும் அவரைப் பார்த்து வந்ததாக இல்லை. வழியில் மாப்பிள்ளை முன்னால் குனிந்து, "மாமா, இப்ப நல்லா இருக்கு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கண்ணையனுக்கு அது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை உள்ளே அழைத்துச் சென்றார்கள். கூட்டமும் உள்ளே போயிற்று. நெடுநேரம் கழித்து ராசாத்தி வெளியே வந்தபோது, கண்ணையன் பின்னிருக்கையில் மண்டியிட்டு உதிர்ந்த பூவை அள்ளிக்கொண்டிருந்தார்.

"பந்தி போட்டாச்சுண்ணே. வாங்க."

"இத அள்ளிட்டு வரேம்மா. நசுங்குனா ரெக்சின்ல கறை புடிச்சுக்கும்."

"நாளைக்கி அள்ளிக்கலாம்ணே."

"நீ போம்மா. வரேன்."

மறுநாள் காலை முகூர்த்தத்தில் குழந்தைவேலும் ராசாத்தியும் ஜோடியாக நின்று தாரை வார்த்தார்கள். கண்ணையன் பந்தல் காலோடு ஒட்டி நின்று அட்சதை போட்டார். காலில் விழுந்த மணமக்களைத் தூக்கிவிட்டபோது ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தார். அதற்குள் அடுத்தவர் காலில் விழ அவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

உச்சிப்பொழுதில் பெண்ணும் மாப்பிள்ளையும் உடையார்பாளையம் கிளம்ப வேண்டும். குழந்தைவேல் அவரைத் தனியே அழைத்துப் போனார். "மச்சான், அவங்க ரெண்டு பேரும் மாப்புள்ள வூட்டு வேன்லயே வரட்டும். சம்பந்தி வூட்டுல பேச்சுக்கு எடம் வேணாம். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

"இதுல என்ன இருக்கு? சீர் சாமான நான் ஏத்திக்கறேன்."

அப்படித்தான் நடந்தது. சிவப்பு ரெக்சின் இருக்கையில் பித்தளைக் குடங்களும் அண்டாவும் குத்துவிளக்கும் ஏறின. பாய் மெத்தையைச் சுருட்டிக் கூரை மடிப்பில் கட்டினார்கள். வேன் முன்னால் போக, பெரம்பலூர், அரியலூர் வழியாகச் செவர்லே பின்னால் போயிற்று. என்ஜின் நடுக்கத்துக்குப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. வேனின் பின் கண்ணாடியில் தெரிந்த தலைகளில் மகளின் தலை எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாத் தலையிலும் ஒரே மல்லிகை.

உடையார்பாளையத்தில் சாமான்களை இறக்கி வைத்தபின் கிளம்ப ஆயத்தமானார். அப்போது புஷ்பவல்லி, கூறைப்புடவையோடு, ஒரு செம்பில் மோர் எடுத்துக்கொண்டு தனியே வாசலுக்கு வந்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அவள் காரின் முன் விளக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நீங்களே செஞ்சதாமே? அம்மா சொன்னாங்க."

"பாவாடைன்னு ஒருத்தரு. அவரும் கூட இருந்தாரு."

"எதுக்கு இந்த என்ஜின வச்சீங்க?"

கண்ணையன் அதுவரை யாரிடமும் சொல்லாததை மகளிடம் சொன்னார்: அறுபத்தாறாம் ஆண்டு ஊர்வலம், ஆவி, குடம், வெடிப்பு, இறங்கி நடந்த மாப்பிள்ளை. "உன் கல்யாணத்துல அப்படி ஆயிடக் கூடாதுன்னுதாம்மா" என்று முடித்தார். தம் வாழ்நாளில் அவளிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, கணக்கில் ஓர் எளிய படியைக் காட்டுவது போலச் சொன்னாள். "கொதிச்சா நிறுத்திட்டுத் தள்ளிக்கிட்டு வந்திருப்பாங்க. நேத்து தள்ளுனாங்கல்ல? அத்தன பேரு இருந்தாங்களே."

கண்ணையன் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். "அது எனக்குத் தோணலம்மா" என்றார்.

உள்ளேயிருந்து யாரோ மணப்பெண்ணைக் கூப்பிட்டார்கள். "வர்ற வெள்ளிக்கிழம மறுவூட்டுக்கு ரஞ்சன்குடி போறோம். பஸ்சுலதான்" என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள்.

திரும்பும் வழியில் முந்திரிக் காடுகளின் நடுவே ஓரிடத்தில் அவர் காரை நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. அத்தன பேரு இருந்தாங்களே. ஜெயங்கொண்டத்திலும் அத்தனை பேர் இருந்தார்கள். அங்கு அவர்கள் கத்தினார்கள்; ஒருவர் குடம் நீட்டினார். தள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை அன்று அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் கேட்கவில்லை. பதினாறு ஆண்டுகளாக என்ஜினைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் லாரிக்குப் போகவில்லை. உடையார்பாளையத்திலிருந்து பெரம்பலூர்ப் பக்கம் போகிறவர்கள் அரியலூரில் பஸ் மாற வேண்டும். எந்த பஸ் என்று அவர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. காலையிலேயே பஸ் நிலையத்துக்குப் போய், வந்து நின்ற ஒவ்வொரு வண்டியின் படியையும் பார்த்துக்கொண்டு நின்றார். காரைக் கொட்டகையிலேயே விட்டிருந்தார். வெயில் ஏறியபின் அவர்கள் இறங்கினார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு தோல் பை. புஷ்பவல்லி கையில் தாம்பூலக் கூடை. பெரம்பலூர் பஸ் ஏற்கெனவே உறுமிக்கொண்டு நின்றது.

"மாமா! என்ன இங்க?" என்றார் மாப்பிள்ளை.

"சும்மா, ஒரு டீ குடிக்கலாம்னு வந்தேன். ஏறுங்க ஏறுங்க, எடம் போயிடும்."

கூடையை வாங்கி மகள் ஏறும்வரை பிடித்திருந்து, ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "காரு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"வித்துடாதீங்க. தள்ளுறதுக்கு ஆளு வேணும்னா சொல்லி அனுப்புங்க, வரோம்."

அவள் சிரிக்கிறாளா, உண்மையாகவே சொல்கிறாளா என்று பார்ப்பதற்குள் நடத்துனர் விசில் கொடுத்துவிட்டார். அவர் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று எண்ணி முடிக்குமுன் பஸ் வளைவில் திரும்பிற்று. புழுதி அடங்கும்வரை நின்றார். பிறகு, மாப்பிள்ளையிடம் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ போடச் சொன்னார்.